வக்கீலின் மூக்கு

கடலில் மிதந்து கிடந்த பறவையைப் படகுக்காரர் மீன்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தபோது, அதன் காலில் எங்கள் வளையம் இருந்தது. போன வாரம் நாங்கள் கைதட்டி வழியனுப்பிய இரண்டில் ஒன்று.

"உங்க ஆளுதான் டாக்டர். இன்னொன்னும் பக்கத்துலயே மிதந்துச்சு. எடுக்கறதுக்குள்ள அலை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு," என்றார்.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, காலுக்கு எட்டிய காலி வாளியை ஓர் உதை விட்டேன். வாளி பாவம், ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் இருப்பது வாளியோ வீட்டுக்காரரோ, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

துறைமுகத்தின் பழைய ஐஸ் கிடங்கில் நடக்கிறது எங்கள் காப்பகம். கப்பல் எண்ணெய் கொட்டினால் பறவைகள் கரை ஒதுங்கும். அவற்றைக் கழுவித் தேற்றிக் கடலுக்கே திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. நான் மருத்துவர். இந்த முறை வந்தவை ஆழ்கடல் ஜாதி. முட்டையிட மட்டும் கரையை மிதிப்பவை. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, அலகின் மேல் மூக்குக்காக இரண்டு சின்னக் குழாய். அவற்றில் இரண்டை மட்டும் முன்னோட்டமாக விட்டுப் பார்த்தோம். மிச்சமிருந்த பதினொன்றையும் வரும் ஞாயிற்றுக்கிழமை விடுவதாகத் தேதி வைத்தாகிவிட்டது. இரண்டும் செத்தது ஏன் என்று தெரியாமல் பதினொன்றையும் கடலில் விடுவது எப்படி?

கையுறையை மாட்டிக்கொண்டு அறுத்துப் பார்த்தேன். எண்ணெய் இல்லை. காயம் இல்லை. இரைப்பையில் பாதி செரித்த மீன் இருந்தது, ஆக அது பட்டினியாலும் சாகவில்லை. உள்ளே போகப் போகத்தான் கை நின்றது. சிறுநீரகம் வீங்கி வெளுத்திருந்தது. இதயத்தின் மேல் சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல ஒரு வெள்ளைப் படலம்.

அந்த வெள்ளை என்னவென்று எனக்குத் தெரியும். நாம் கழிவைத் தண்ணீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். அதற்கே சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறோம். பறவை அந்த ஊதாரித்தனத்துக்குப் போகாது. உடம்பில் சேரும் நைட்ரஜன் கழிவை வெள்ளைக் களிம்பாக்கி, அதிலிருக்கிற தண்ணீரையும் முடிந்த மட்டும் பிழிந்து எடுத்துக்கொண்டு, எச்சமாகப் போட்டுவிடும். காரின் மேல் விழுந்ததும் நாம் திட்டிக்கொண்டே துடைக்கிறோமே, அந்த வெள்ளைதான் அதன் சிறுநீர். ஆனால் களிம்பைத் தள்ளவும் கொஞ்சமாவது ஈரம் வேண்டும். அந்த ஈரமும் இல்லாமல் போனால் களிம்பு உள்ளேயே தங்கி, சிறுநீரகத்தை அடைத்து, இதயத்தின் மேல் போய்ப் படியும்.

அதாவது, கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர் இருக்கும் இடத்தில் இந்தப் பறவை தாகத்தால் செத்திருக்கிறது.

கடல் தண்ணீரைக் குடித்தே வாழும் பறவை ஏன் தாகத்தில் சாக வேண்டும்? மண்டையின் தோலை உரித்தேன். கண்ணுக்கு மேலே எலும்புப் பள்ளத்தில் உப்புச் சுரப்பி ஒரு சோடி இருக்கும். அவ்வளவு உப்பைச் சமாளிக்கும் தெம்பு பறவையின் சிறுநீரகத்துக்குக் கிடையாது. இந்தச் சுரப்பிகள்தான் இரத்தத்திலிருந்து உப்பை வடித்து, கடலைவிடக் கரிக்கும் நீராக மூக்கு வழியே சொட்டவிடும். பள்ளம் நிறைய அவரைவிதை போலப் புடைத்திருக்க வேண்டியது, இங்கே நூலாக வற்றிப்போய்க் கிடந்தது. உப்பு வராவிட்டால் அது வேலை மறந்து சுருங்கிவிடும். அதனால்தான் எங்கள் இடத்தில் உப்பு மாத்திரை உண்டு. துறைமுகத் தண்ணீரில் இன்னும் எண்ணெய் மிதப்பதால் தொட்டிகளில் நல்ல தண்ணீர்தான் விடுகிறோம். ஈடுகட்ட, தினமும் காலையில் முதல் மீனின் செவுளுக்குள் ஒரு மாத்திரையைச் செருகிக் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தால் சுரப்பி இப்படி ஆகியிருக்காது.

மீன் கொடுப்பது அக்கா.

அக்கா என்றால் என் கணவரின் அக்கா. முறைக்கு நாத்தனார். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் கூரை பறக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பறக்கவில்லை. காரணம் அக்காதான், நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒரு வார்த்தை பேசுவார், அதையும் பறவையிடம் பேசுவார். அண்ணன், அதாவது அவர் கணவர், சிறுநீரகம் கெட்டு ஆண்டுக்கணக்கில் படுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா ஜன்னல்கூடத் திறக்காமல் வீட்டுக்குள் கிடந்தார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக இங்கே கொண்டுவந்தேன். வந்த முதல் நாளே ஒரு பறவை அவர் கையைக் கடித்தது. "கறுப்புக் கோட்டு, எதுக்கெடுத்தாலும் வாதம். சரியான வக்கீல்," என்றார். அதுவே அந்தப் பறவைக்குப் பெயராகிவிட்டது. அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

இரத்தம் காயாத கையுறையோடு மேனேஜர் அறைக்குப் போனேன். எங்கள் மேனேஜர் ஓய்வுபெற்ற கப்பல்காரர். எல்லோருக்கும் கேப்டன்.

"ஞாயித்துக்கிழமை வேணாம் கேப்டன். தள்ளிப் போடுங்க."

"காரணம்?"

"மூக்கு ஒழுகல."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒழுகலைன்னா நல்லதுதானே?"

"நமக்கு நல்லது. இதுங்களுக்கு ஒழுகினாதான் உயிரு."

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே கொடிமரத்தைப் பார்த்தார். காற்று இன்னும் தென்பக்கத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. இந்த ஜாதி அந்தக் காற்றைப் பிடித்துத்தான் வடக்கே போகும். காற்று திரும்பிவிட்டால் அடுத்த வருஷம்வரை கிடங்குதான் கதி, அவ்வளவு நாள் கூரைக்குள் இவை தாங்காது.

"காத்து எனக்காகக் காத்திருக்காது. சீக்கிரம் பாருங்க. அப்புறம், மாத்திரை ஏன் போகலன்னு எனக்குத் தெரியணும். யார் கையில தப்புன்னும் தெரியணும்."

"பார்த்துச் சொல்றேன்," என்றேன். நாக்கு நுனியில் பெயர் இருந்தது. சொல்லவில்லை.

மறுநாள் காலை மீன் வெட்டும் அறைக் கதவோரம் நின்றேன். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மீனை எடுத்தார். டப்பாவிலிருந்து மாத்திரையை எடுத்தார். செவுளைத் தூக்கினார். விரல் உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளங்கை மூடிக்கொண்டது, அந்தக் கை ஏப்ரன் பைக்குள் போய் வந்தது. கண் இமைக்கிற நேரம்தான். டப்பாவில் மாத்திரை குறையும், மீன் மட்டும் வெறும் மீனாகப் போகும்.

அந்தக் கை வித்தையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அண்ணன் இருந்தபோது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு உப்பு ஆகாது, தண்ணீர்கூட அளந்துதான். மனுஷன் நாக்கு செத்துப்போய் உப்புக்காகத் திருடன் மாதிரி வீட்டைத் துழாவுவார். அக்கா உப்பு டப்பாவைத் தையல் மெஷினுக்குள் ஒளித்துவைப்பார். விருந்தாளி யாராவது பரிதாபப்பட்டு அவர் தட்டில் ஒரு சிட்டிகை போட்டால், அக்கா பேசிக்கொண்டே அந்தத் தட்டை எடுத்துவிட்டு வேறு தட்டு வைத்துவிடுவார். யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகும் அக்காவின் சமையலில் உப்பு திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூடத் தன் டப்பாவைக் கையோடு கொண்டுவந்து அதைத்தான் சாப்பிடுவார்.

உள்ளே போனேன். கத்தத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மெதுவாகத்தான் கேட்டேன்.

"அக்கா, பையில என்ன இருக்குன்னு காட்டுங்க."

அவர் திடுக்கிடவில்லை. பையைக் கவிழ்த்தார். வெள்ளை மாத்திரைகள் மேஜையில் உருண்டன.

"எத்தனை நாளா?"

"வந்ததுலேருந்து." கத்தியைக் கழுவினார். "ஒரு கைப்பிடி உடம்பு. அதுக்குப் போய் இத்தாம்பெரிய உப்புக் கட்டியா? எனக்கு மனசு வரல."

"நான்தானே கொடுக்கச் சொன்னேன்? அப்ப நான் பைத்தியக்காரியா?"

"நீ படிச்சவ. அவருக்கும் படிச்சவங்கதான் பார்த்தாங்க. நாக்கு செத்துக் கிடக்கறாரு, இன்னிக்கு ஒரு வேளை கொஞ்சம் உப்பு போட்டுக் குடுங்க, பரவாயில்லைன்னு சொன்னாங்க. போட்டேன். ராத்திரிக்குள்ள கால் ரெண்டும் எப்படி வீங்குச்சுன்னு நீயும்தான் பார்த்தியே. அதுலேருந்து உப்பு விஷயத்துல நான் யார் பேச்சையும் கேக்கறதில்ல."

அவர் சொன்னது அவ்வளவும் நடந்ததுதான். வீட்டில் ஓர் உயிரை இழுத்துப் பிடித்து வைத்திருந்த வழக்கம் அது. அதையேதான் இங்கேயும் செய்திருக்கிறார்.

மாத்திரைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னேன். இவற்றின் உடம்பு வேறு, கண்ணுக்கு மேலே உப்புக்கென்று தனிச் சுரப்பி உண்டு, உப்பு வராவிட்டால் அது வற்றிவிடும், பிறகு கடலுக்குப் போனால் குடிக்கிற ஒவ்வொரு வாயும் உடம்பிலிருக்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அந்த ரெண்டும் தாகத்துலயா போச்சு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எண்ணெய் மிச்சம் இருந்தது, புயல் அடித்தது, ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இவரிடம் வாய் கூசாமல் பொய் சொன்னால், நாளைக்கு இந்த மாத்திரையை நம்பி எப்படிக் கொடுப்பார்?

"ஆமாக்கா."

அவர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அவரும் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டேதான் போனாரு. நான் அளந்து ஒரு மூடி கொடுத்தேன்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் அப்படியே அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த நாள் அக்கா வரவில்லை. சரி, நாமே ஒரு கை பார்ப்போம் என்று தொட்டிக்குப் போனேன். மாத்திரை வைத்த மீனை வக்கீலிடம் நீட்டினேன். அது மீனைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு வயிற்றில் தானாகச் சுரக்கும் நாற்ற எண்ணெயைக் கக்கி என் முகத்தில் பீய்ச்சியது. இந்த ஜாதி தனக்குப் பிடிக்காதவர்களுக்குத் தரும் மரியாதை அது. மற்ற பத்தும் அதைப் பார்த்துத் தெம்பாகிவிட்டன. வாயைப் பிளந்து திணித்தால் மிரண்டு சுவரில் மோதின. பாதி மீன் தொட்டித் தண்ணீரில்தான் கரைந்தது. அதற்கடுத்த நாளும் அதே கதை. வீட்டில் என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டார். கொடிமரத்தில் கொடி தொய்ந்து கிடந்தது.

பொறுமை போயிற்று. எங்களுடைய கட்டடத்திலேயே கீழ்வீடு அக்காவுடையது. போய்க் கதவைத் தட்டினேன். திறந்தார். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நான் வரல. என் கை ராசி அப்படி. அங்கயும் ரெண்டு உசிரு போயிடுச்சு."

"ராசியாவது ஒண்ணாவது. அண்ணனுக்கு உப்பு விஷம். நீங்க தடுத்ததாலதான் அவர் அத்தனை வருஷம் இருந்தாரு. இதுங்களுக்கு உப்பு மருந்து. தப்பு நடந்துபோச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா இன்னும் பதினோரு உசிரு இருக்கு. என் கையால ஒண்ணும் தின்ன மாட்டேங்குது. பாருங்க, உங்க வக்கீல் என் மூஞ்சில துப்பியிருக்கு. மூணு தடவை சோப்பு போட்டும் நாத்தம் போகல."

அவர் என் பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். உதடு லேசாகக் கோணியது.

"அழறதுன்னா அங்க வந்து அழுங்கக்கா," என்றேன். "நானும் அங்கதான் அழுதேன். அழுதுக்கிட்டே மீனைக் குடுங்க. காத்து திரும்பிடுச்சுன்னா அப்புறம் நீங்க வந்தும் பிரயோஜனம் இல்ல."

அவர் எழுந்து செருப்பைத் தேடினார்.

காப்பகத்துக்கு வந்ததும் அவர் தொட்டிக்குப் போகவில்லை, கேப்டன் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். "மாத்திரைய எடுத்தது நான்தான். இவளைக் கேக்காதீங்க," என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். கேப்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார்.

"இனிமே யாரு கொடுக்கப் போறா?"

"நான்தான்."

"அப்ப போய்க் கொடுங்க," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "கதவைச் சாத்திட்டுப் போங்க, நாத்தம் தாங்கல," என்றார்.

எடுத்த எடுப்பில் முழு மாத்திரை கொடுக்க முடியாது. வற்றிக் கிடக்கும் சுரப்பி திணறும், சிறுநீரகம் அடிபடும். கால் மாத்திரையில் ஆரம்பித்தோம். அக்கா அதைச் செவுளுக்குள் விரலால் தள்ளினார். வைத்துவிட்டு, வெறும் கையை என் பக்கம் விரித்துக் காட்டினார். நான் கேட்கவே இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் அப்படியே காட்டினார். வக்கீல் அவர் கையிலிருந்து மீனைப் பிடுங்கி ஒரே வாயில் விழுங்கிவிட்டு, என்னை மட்டும் முறைத்தது.

பிறகு எங்களுக்கு வேலையே எச்சம் பார்ப்பதுதான். தொட்டி ஓரத்துப் பலகையில் விழும் ஒவ்வொரு வெள்ளையையும் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். களிம்பு இளகலாக இருந்தால் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டலாம். கெட்டியாக, கட்டி கட்டியாக விழுந்தால் நிறுத்த வேண்டும். ஒருநாள் நான்கு பறவைகளுக்குக் கெட்டியாகத்தான் விழுந்தது. அக்கா மாத்திரை டப்பாவை மூடிவிட்டார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல," என்றார். அவற்றுக்கு அன்றைக்கு உப்பை நிறுத்தி, நல்ல தண்ணீர் ஊட்டினோம். மாலைவரை அக்கா தொட்டி விளிம்பைவிட்டு நகரவில்லை. கடைசியில் பலகையில் பால் போல ஒரு துளி சிதறியபோது, நல்ல சேதி கேட்டவர் மாதிரி என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஊரில் யாரும் எச்சத்துக்காக இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

அரை மாத்திரை, பிறகு முக்கால், பிறகு முழுசு. மூக்கு மட்டும் காய்ந்தே கிடந்தது. கேப்டன் தினமும் படகுக்காரருக்குப் போன் செய்து நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தார். "காத்து மேக்கால சாயுது. ரெண்டு மூணு நாள்தான்," என்றார் ஒருநாள், யாரையும் பார்க்காமல். உப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே வர வழி திறக்காவிட்டால் நானே இவற்றை இங்கேயே கொன்றதாகும். அக்காவிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் காலையில் நான் தொட்டி அறைக்குள் நுழைந்தபோது, அக்கா வக்கீலை மடியில் துண்டில் சுற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

வக்கீல் தலையை ஒரு சிலுப்பு சிலுப்பியது. குழாய் மூக்கின் நுனியில் ஏதோ மினுங்கியது. அது அலகின் பள்ளம் வழியே மெதுவாக ஊர்ந்து, வளைந்த நுனியில் தொங்கி நின்றது. தொட்டித் தண்ணீராக இருக்குமோ என்று நினைத்தேன். ஆனால் பறவை இன்னும் தொட்டியில் இறங்கவில்லை. இறகு காய்ந்திருந்தது. முதல் துளி விழுவதற்குள் அதன் பின்னால் இன்னொன்று வந்து சேர்ந்தது.

சொட்டு அக்காவின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"ஐயோ அக்கா, என்ன காரியம் பண்றீங்க, கிருமி இருக்கும்," என்று நான் பாய்ந்தேன்.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகத்தைச் சுளித்தார். கண் இடுங்கியது. எத்தனை வருஷமாக உப்பே படாத நாக்கு.

"அப்பா, என்ன கரிப்பு," என்றார். கொஞ்ச நேரம் வக்கீலின் கண்ணுக்கு மேலே, சுரப்பி இருக்கிற இடத்தில், ஒற்றை விரலால் தடவிக்கொடுத்தார். அது கடிக்காமல் இருந்தது. அடுத்த தொட்டியில் வேறொரு பறவை தலையைச் சிலுப்புகிற சத்தம் கேட்டது.

"அவருக்கும் இப்படி ஒண்ணு இருந்திருந்தா," என்றார் அக்கா, "நான் அவருக்கு நல்லா சமைச்சுப் போட்டிருப்பேன்."